விரலில் சின்ன வெட்டு... ஹெச்.ஐ.வி உள்ளவர் தொட்டால் தொற்றுமா? | நலம் அறிவோம்

கேள்வி: என் வயது 24. போன வாரம் காய் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. பக்கத்தில் இருந்த சித்திதான் என் கையைக் கழுவி பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். சித்திக்கு ஹெச்.ஐ.வி இருப்பது இப்போதுதான் தெரியவந்தது. `இனி அவ இங்க வரவேண்டாம்' என்கிறார் அம்மா. எனக்கும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொன்னதில் தொற்றுக்கு வழியே இல்லை.

ஹெச்.ஐ.வி பரவ இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, கிருமி உள்ள ரத்தம், விந்து, பிறப்புறுப்புத் திரவம், தாய்ப்பால் போன்றவை. இரண்டு, அது உடலுக்குள் நுழைய ஒரு வழி. உங்கள் விரலில் வழி இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். சித்தியின் கையில் ரத்தம் இல்லையே! கசிந்தது உங்கள் ரத்தம்தான். வியர்வை, எச்சில், கண்ணீர் மூலம் இது பரவாது. கைகுலுக்குவது, கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது எதிலும் ஆபத்து இல்லை.

ஓர் ஒப்பீடு: ஹெச்.ஐ.வி உள்ளவருக்குப் போட்ட ஊசி மருத்துவப் பணியாளரின் கையில் குத்தினால்கூட, ஆயிரம் பேரில் சுமார் 3 பேருக்குத்தான் தொற்று ஏற்படுகிறது.

எப்போது கவனம் தேவை?

அடுத்தவரின் ரத்தம் உங்கள் திறந்த காயத்தில் பட்டாலோ, பயன்படுத்திய ஊசி குத்தினாலோ, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். காயத்தைப் பிதுக்க வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தேவையென்றால் 28 நாள்களுக்குத் தடுப்பு மாத்திரை தருவார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று. தொடர்ந்து ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து, தாம்பத்ய உறவில்கூட தொற்று பரவாது. கூட்டு மாத்திரை சிகிச்சை 1996-லிருந்து இருக்கிறது. நம் ஊரில் அரசே இலவசமாகத் தருகிறது.

அப்படியும் மனசு ஆறவில்லையா? அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். விவரத்தை ரகசியமாக வைத்திருப்பார்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

சித்தியின் விஷயத்தை அக்கம்பக்கத்தில் சொல்லாதீர்கள். அதை யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு. அம்மாவிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கு அடிபட்டபோது ஓடிவந்தவர் அவர். அடுத்த முறை வரும்போது, எப்போதும் கொடுக்கும் அதே டம்ளரில் காபி கொடுங்கள்.