வீட்டுக்கு முன்னே வீதி

வீடு வாங்கப் புறப்பட்டால் எம்மவர் கேட்கும் கேள்விகள் தெரிந்தவைதாம். எத்தனை அறை? மோட்கேஜ் மாதம் எவ்வளவு? சாமி அறைக்கு இடம் உண்டா? ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் விலை கட்டுப்படியாகாமல், நகரத்தின் விளிம்பில் எழும் புதிய குடியிருப்புகளுக்குப் போகிறவர்கள் வேறொரு கேள்வியும் கேட்க வேண்டும். இரவு வேலை முடித்து வருகிறவர் வீடு வந்து சேர என்ன வழி?

லண்டனின் கிழக்கே இந்தக் கேள்விக்கு மூன்று தலைமுறைகள் மூன்று விதமாக விடை கண்டன.

முதலாவது டகனம் பக்கத்துப் பெக்கன்ட்றி. முதலாம் உலகப் போருக்குப் பின், ஈஸ்ட் என்டின் நெருக்கடியில் வாழ்ந்த தொழிலாளருக்காக லண்டன் மாவட்ட சபை 1921 முதல் 1935 வரை அங்கு சுமார் 26,000 வீடுகளைக் கட்டியது. குளியலறை, வீட்டின் பின்னே தோட்டம், முன்னே பச்சை வேலி. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேறினர். ஆனால் வேலை அவர்களோடு வரவில்லை. ஃபோர்ட் கார்த் தொழிற்சாலை 1931இல்தான் திறந்தது. அதுவரை பலர் பழைய இடங்களுக்கே வேலைக்கு அலைந்தனர்.

இரண்டாவது தேம்ஸ்மீட். ஆற்றின் தென்கரைச் சதுப்பு நிலத்தில் பெருநகர லண்டன் சபை 1967இல் வேலை தொடங்கியது. முதற் குடும்பம் 1968இல் குடிபுகுந்தது. 1953ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தை மனதிற் கொண்டு, முதலிற் கட்டிய வீடுகளில் நில மட்டத்தில் வசிக்கும் அறைகளே வைக்கவில்லை. தண்ணீரைப் பற்றி அவ்வளவு யோசித்தார்கள். சுரங்க ரயில் வரும் என்றார்கள், ஆற்றுக்குப் பாலம் வரும் என்றார்கள். இரண்டும் வரவில்லை. 1999இல் நீட்டப்பட்ட ஜுபிலி ரயில் பாதை ஸ்ட்ரட்போர்ட் போய்விட்டது. 2022இல் எலிசபெத் ரயில் வந்ததும் அயலிலுள்ள அபி வூட் வரைதான். முதற் குடும்பம் வந்து 54 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

மூன்றாவது பாக்கிங் றிவர்சைட். பழைய மின் நிலையம் இருந்த ஆற்றங்கரையில் 10,800 வீடுகளுக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. இம்முறை அனுமதியிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. ரயில் இணைப்பு உறுதியாகாமல் 1,200 வீடுகளுக்கு மேல் போகக் கூடாது. 2008இல் புதிய மேயர் டி.எல்.ஆர். ரயில் திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் நிபந்தனையை யாரும் கைவிட முடியவில்லை. ரயில் இல்லையென்றால் மிச்ச வீடுகளும் இல்லை. எனவே வேறு வழி தேட வேண்டியதாயிற்று. 2022 ஜூலையில் ஓவர்கிரவுண்ட் ரயில் அங்கே வந்து நின்றது. அதுவரை குடியிருந்தவர்கள் பஸ்ஸையே நம்பி இருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் ரயில் வந்தது.

தேம்ஸ்மீட்டுக்குக் கிடைத்தது வாக்குறுதி. பாக்கிங்குக்குக் கிடைத்தது நிபந்தனை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இது எமக்குப் புதிய பாடமல்ல. இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. குளம் கட்டி, வாய்க்கால் வெட்டிய பின்னரே 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் வந்தது. தண்ணீர் வராத காணியை எவரும் வயல் என்று சொல்வதில்லை. பள்ளிக்கூடமும் டொக்டரும் பஸ்ஸும் இல்லாத இடத்தை மட்டும் நாம் ஏன் ஊர் என்று சொல்ல வேண்டும்?

இன்று இதைப் பேசக் காரணம் உண்டு. அரசு நியமித்த குழு 2025 செப்டெம்பரில் புதிய நகரங்களுக்கென 12 இடங்களைப் பரிந்துரைத்தது. அவற்றில் இரண்டு லண்டனில் உள்ளன. என்ஃபீல்டில் குறூஸ் ஹில், சேஸ் பார்க் பகுதியில் 21,000 வீடுகள் வரை. தேம்ஸ்மீட் ஆற்றங்கரையில் 15,000 வரை. எம்மவர் பிள்ளைகளும் இவற்றில் வீடு தேடக் கூடும்.

இப்படியான திட்டத்துக்கு விண்ணப்பம் வந்தால் கவுன்சில் அதை ஊருக்கு அறிவிக்க வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாட்கள் உண்டு. பிரஜாவுரிமை தேவையில்லை, சொந்த வீடும் தேவையில்லை. வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். எழுதுவது பகிரங்கமாக வெளியாகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். “எனது வீட்டு விலை குறையும்” என்று எழுதினால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். போக்குவரத்து, பள்ளி இடங்கள், வெள்ள அபாயம், வெளிச்சம் என்பவற்றை எடுப்பார்கள்.

1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலும் கட்டுமானக் கம்பனியும் ஓர் ஒப்பந்தம் செய்கின்றன. பள்ளி, வைத்திய நிலையம், பஸ் ஆகியவற்றுக்கான பணம் எல்லாம் அதில்தான் எழுதப்படும். அங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு சொல்: “எப்போது?” ஐந்நூறாவது வீட்டில் ஆள் குடியேறும் முன்பா, ஐயாயிரமாவது வீட்டுக்குப் பின்பா?

இன்னுமொன்று. “கட்டுப்படியான வாடகை” என்ற பெயரில் மயங்க வேண்டாம். அது சந்தை வாடகையின் 80 வீதம் வரை போகலாம். சமூக வாடகை அதைவிடக் குறைவானது. எத்தனை வீடுகள் எந்த வகை என்று கேளுங்கள்.

எங்கள் சங்கங்கள் விழா மண்டபம் பிடிக்க ஆறு மாதம் முன்கூட்டியே ஓடித் திரிகின்றன. அதில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம். இங்கே படித்த பிள்ளைகள் விண்ணப்பத்தை வாசித்துச் சொல்லட்டும். பெரியவர்கள் தேவை எதுவென்று சொல்லட்டும். கடிதத்தைப் பிள்ளைகளே எழுதட்டும். அனுமதி கொடுத்த பிறகு போடும் கையெழுத்து வேட்டையைவிட, அனுமதிக்கு முன் போகும் பத்துக் கடிதங்களுக்குப் பலம் அதிகம்.