அம்மம்மா பார்த்த படம்

சென்ற கிழமை கிளிநொச்சியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவுடன் நம் இல்லம் வந்திருந்தாள். நாடகமும் அரங்கியலும் பயில்பவள். இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "கைப்பேசியில் தேடினால் எல்லாம் வந்துவிடும் என்கிறார்கள், ஐயா. தேடினேன். வருவதெல்லாம் சென்னைப் படங்கள்தான்" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அம்மம்மா நகைத்தார். "எங்கட ஆக்களும் படம் எடுத்தவை, பிள்ளை. நான் 'வாடைக்காற்று' பார்த்தனான்" என்றார். எந்த ஆண்டு என்று வினவினோம். கூட நின்றவர்களின் முகங்கள் நினைவிலிருந்தன. ஆண்டு நினைவில் இல்லை. கொட்டகை வாசலிற் கொடுத்த விளம்பரத் துண்டு வெகுகாலம் வீட்டுப் பெட்டியில் இருந்ததாம். 2009இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு அதுவும் போயிற்றாம்.

வன்னிப் பெருநிலத்தில் இஃது ஒரு வீட்டின் கதையன்று. பெட்டி இழக்காத குடும்பம் இங்கே அரிது. வீட்டில் மட்டுமா? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 யூலையில் கந்தானைக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட எந்தலையில் இருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் தீக்கு இரையாயிற்று. ஆதலால் நம்மவர் எடுத்த படங்களை ஆராய முனைபவர், படத்தைத் தேடுமுன் படத்தைப் பற்றிய சான்றையே தேட வேண்டியவராகிறார்.

அவ்வாறு தேடுதற்கு இன்று நல்ல துணைகள் உள. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் செய்தித்தாள்களையும் ஒளிப்படியாக்கிப் பேணும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கப்பெற்றது. கட்டணமின்றி எவரும் படிக்கலாம். அதனை அந்த மாணவியின் முன்னே திறந்து வைத்து, "தேடு, பார்ப்போம்" என்றோம்.

அவள் 'வாடைக்காற்று' என்று எழுதினாள். முன்வந்து நின்றது நாவல்! செங்கை ஆழியான் எழுதிய அந்நாவலே பின்னர் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் 1978இல் திரைப்படமாயிற்று. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. 'குத்துவிளக்கு' என்று தேடுபவருக்கும் இதே சங்கடந்தான். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து 1972இல் வெளிவந்த படத்தை நாடுபவர், பூசையறை விளக்கைப் பற்றிய கட்டுரையிலே போய் நிற்கவும் கூடும். எனவே படப்பெயரோடு இயக்குநர் பெயரையோ ஆண்டையோ சேர்த்துத் தேடுக. 'சினிமா' என்று எழுதி அகப்படாதது 'திரைப்படம்' என்றால் அகப்படும். இரண்டிலும் அகப்படாதது 'சலனப்படம்' என்றால் அகப்படலாம். நம் முன்னோர் எச்சொல்லை வழங்கினரோ அச்சொல்லை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இத்தகைய தரவுத்தளங்களில் தேடுபொறி பெரும்பாலும் தலைப்புகளையும் பொருளடக்கத்தையுமே காணும். பக்கத்தின் உட்கிடக்கையை நம் கண்ணே காணவேண்டும். தம்பிஐயா தேவதாஸ் எழுதிய 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' போன்ற நூலொன்றை முதலிற் படித்து, அதிலிருந்து பெயர்களையும் ஆண்டுகளையும் குறித்துக்கொண்டு, அதன்பின் பழைய இதழ்களுக்குட் புகுவதே நேரிய வழி.

"இலங்கையின் முதல் தமிழ்ப் படம் எது, ஐயா? ஒருவர் 'சமுதாயம்' என்கிறார், இன்னொருவர் 'தோட்டக்காரி' என்கிறார்" என்று கேட்டாள் மாணவி. இருவர் சொல்வதும் பொய்யன்று. 1960களின் தொடக்கத்தில் எழுந்த இவ்விரண்டில், ஹென்றி சந்திரவன்ச இயக்கிய 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்டது. கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' கொட்டகைகளில் வழக்கமான 35 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்டது. 'முதல்' என்பதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்ததே விடை. தமிழகத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' என்னும் ஊமைப் படத்துக்கு 1916, 1917, 1918 என மூன்று ஆண்டுகளையும் வெவ்வேறு நூல்கள் தருகின்றன. ஒரே செய்தியைப் பத்துப் பேர் எழுதியிருந்தால் அது பத்துச் சான்று ஆகாது. ஒருவரைப் பார்த்து ஒன்பதின்மர் எழுதியதாகவும் இருக்கலாமன்றோ?

அதனாலேதான் படம் ஓடிய காலத்துச் செய்தித்தாளை நாடுக என்கிறோம். எந்த ஊரில், எந்தக் கொட்டகையில், எந்த நாளில் படம் திரையிடப்பட்டது என்பதை அக்கால விளம்பரமே சொல்லும். இணையத்தில் இல்லாத இதழ்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் கட்டுக்கட்டாக உள. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களையும் சினிமா இதழ்களையும் காத்துவருகிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த பொக்கிஷம் அது! உலகத் திரைப்படக் காப்பகங்களின் சம்மேளனமும் சினிமாச் சஞ்சிகைகளுக்கென ஓர் அட்டவணையை 1972 முதல் தொகுத்து வருகிறது. கட்டணம் வேண்டும் தளங்களை வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலோ பயிலும் அண்ணன் அக்காமார் இருந்தால், அங்குள்ள நூலகரிடம் கேட்டறியச் சொல்லலாம். நூலகரைக் கேட்க நாணுபவர் பாதி நூலகத்தை இழந்தவரே.

எல்லாம் சொல்லி முடித்தபின் மாணவி ஓர் ஐயம் எழுப்பினாள்: "1978இல் வந்த படம் எங்கள் பக்கம் எப்போது வந்தது, யார் யார் பார்த்தார்கள் என்பது எந்தத் தளத்தில் இருக்கிறது?"

நாம் அம்மம்மாவைக் காட்டினோம்.

அவர் சொல்வதை நாளும் இடமும் இட்டு எழுதிக்கொள். நினைவு என்றே குறித்துக்கொள். பின்னர் அதனை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் பொருந்தினால் வன்னியின் திரைப்பட வரலாற்றில் ஒரு வரி உறுதியாகும். பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதிவை. உனக்குப் பின் வருபவர் தீர்த்துக்கொள்வார்.

மாணவி கொப்பியைத் திறந்தாள். அம்மம்மா கால்நீட்டி அமர்ந்து, "அண்டைக்கு நல்ல மழை, பிள்ளை..." என்று தொடங்கினார்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தளம் திண்ணையில் அமர்ந்திருக்கும். எஞ்சிய துண்டுப்பிரசுரமோ, பாட்டுப் புத்தகமோ இருப்பின் அதைப் படம்பிடித்து எண்ணிம நூலகத்துக்கு வழங்குங்கள். ஒருமுறை பெட்டியோடு போனது மீளாது. எஞ்சியிருப்பது மறுமுறையும் போகாமற் காப்பது நம் கடன்.