பை சுமந்தவர் பரிசு வென்ற கதை



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் கோல்ஃப் விளையாட்டைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே ஆவர். கிரிக்கெட்டு என்றால் நம் வீட்டுச் சிறுவனும் ஓட்டக் கணக்குச் சொல்வான். கபடி என்றால் முதியவரும் திண்ணையை விட்டு எழுந்து வருவார். கோல்ஃபோ செல்வர்தம் பொழுதுபோக்கு, அதனோடு நமக்கு என்ன உறவு என்று எண்ணிப் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அங்ஙனம் புரட்டிவிடத் தகாத செய்தி ஒன்று அவ்விளையாட்டில் உண்டு. பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் இடத்தில் உழைத்து, பிள்ளைகளை ஆளாக்க முயலும் குடும்பங்களுக்கு அது வேண்டிய செய்தி. ஆதலால் இம்மாதம் அதனையே எழுத எடுத்துக்கொண்டேன்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 16 முதல் 19 வரை டெல்லி கோல்ஃப் மன்றத்தில் ‘டி.பி. வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப்’ என்னும் பந்தயம் நடைபெற்றது. பரிசுத் தொகை மொத்தம் 40 லட்சம் அமெரிக்க டாலர். அவ்வாண்டு ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பந்தயத்தை வென்று, உலகின் நான்கு பெரும் பந்தயங்களையும் வென்றவர் என்னும் புகழை எய்திய வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய் அதில் ஆட வந்தார். நார்வேயிலிருந்து விக்டர் ஹோவ்லண்ட், அயர்லாந்திலிருந்து ஷேன் லோரி என உலக வீரர் பலர் வந்தனர். முடிவில் இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட் முதலிடம் பெற்றார். ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமா இரண்டு அடிகள் பின்தங்கினார்.

‘அடி’ என்றதும் வாசகர் சிலர் மருளலாம். விளையாட்டின் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் 108 மில்லிமீட்டர் அகலமே உடையது. 46 கிராமுக்கும் குறைந்த எடையுள்ள சிறு பந்தை, நூற்றுக்கணக்கான கஜ தூரத்திலிருந்து மட்டையால் அடித்து அடித்து அக்குழியுள் சேர்க்க வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். இத்தனை அடிகளில் முடிப்பது முறை என்று ஒவ்வொரு குழிக்கும் வகுத்த அளவுக்குப் ‘பார்’ என்று பெயர். பெரும் பந்தயங்கள் வழக்கமாக வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள் நடக்கும். இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணத்தில் ஒரு காசும் கிடையாது. வந்து போன செலவு அவர் தலையில்.

ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். அவற்றை அடக்கிய கனத்த பையைத் தோளில் சுமந்து உடன் நடப்பவர்க்குக் ‘கேடி’ என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறியவன் என்று பொருள். அங்கோ அது ஒரு நேர்மையான பிழைப்பு. என் கதை இந்தக் கேடியைப் பற்றியதே.

பை சுமப்பவர் வெறும் சுமைகூலி அல்லர். ரேணிகுண்டா சந்திப்பில் வண்டி வந்து நிற்குமுன்னரே, எந்தப் பெட்டி எந்தத் தூணுக்கு நேராக நிற்கும் என்பதை அங்குச் சுமை தூக்குவோர் கண்ணாலேயே அளந்து சொல்லிவிடுவர். ரயில்வே எழுத்தனாகிய நான் இதனைப் பலமுறை கண்டு வியந்ததுண்டு. கேடியின் அறிவும் அத்தகையதே. காற்று எப்பக்கம் வீசுகிறது, புல் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது, தரை எங்கே சரிகிறது, இத்தூரத்திற்கு எந்த மட்டை தகும் என்பனவெல்லாம் அவருக்கு நாள்தோறும் நடந்து நடந்து படிந்த பாடம். டெல்லி ஆடுகளத்தில் பழங்காலக் கல்லறை மண்டபங்கள் இன்றும் நிற்கின்றன. வழிகள் குறுகியவை, இருபுறமும் புதரும் மரமும் அடர்ந்தவை. நெடுந்தூரம் அடிப்பதில் பெயர்பெற்ற மெக்கில்ராயே அங்குத் தம் பெரிய மட்டையாகிய டிரைவரைப் பயன்படுத்தாமல் ஆட முடிவு செய்தார் எனின், தோள் வலிமையினும் இடம் அறிந்த நிதானமே அங்குப் பெரிது என்பது விளங்கும். இடம் அறிந்தவர் யார்? நாள்தோறும் அங்கே நடப்பவர் அன்றோ!

இந்தியன் ஓப்பன் என்னும் நம் நாட்டுப் பெரும் பந்தயம் 1964இல் தொடங்கியது. முதற்பரிசை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் பெற்றார். அடுத்த ஆண்டு பி.ஜி. சேத்தி என்னும் இந்தியர், தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர், வென்றார். அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் கோப்பை வெளிநாட்டார் கையிலேயே சென்றது. 1991இல் அதனை மீட்டவர் அலி ஷேர். அவர் எந்தச் செல்வக் குடும்பத்தின் பிள்ளை என்று கேட்பீர்களாயின், அவர் டெல்லியில் பிறர் பையைச் சுமந்து தொழில் தொடங்கியவர். அப்பந்தயத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அவரே. 1993இல் மறுபடியும் வென்றார்.

அடுத்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா. 1829இல் நிறுவப்பெற்ற ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல் தரையைப் பேணும் பணியாளராக இருந்தவர் அவர் தந்தையார். தந்தை வெட்டிச் சீராக்கிய புல்லின் மேல் மகன் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். 2008 பிப்ரவரியில் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் பந்தயம் நடைபெற்றது. ஐரோப்பியச் சுற்றைச் சேர்ந்த பந்தயம் ஒன்று இந்தியாவில் நடந்தது அதுவே முதன்முறை. பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். பெரும் பந்தயங்களில் மும்முறை வென்றிருந்த தென்னாப்பிரிக்க வீரர் எர்னி எல்ஸ் முதலியோர் கலந்துகொண்ட அந்தக் களத்தில், இரண்டு அடிகள் முந்தி வென்றவர் சௌராசியா. பின்னர் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தொடர்ந்து இந்தியன் ஓப்பன் கோப்பையையும் அவர் பெற்றார்.

மூன்றாமவர் நமக்கு இன்னும் அருகிலுள்ளவர். சித்தூரில் காலையில் பேருந்து ஏறினால் பலமனேர் வழியாக நண்பகலுக்குள் பெங்களூரை அடைகிறோம். பிழைப்புத் தேடி நம் இளைஞர் பலர் சென்ற வழி அது. அந்தப் பெங்களூரில் பை சுமந்து ஆட்டம் கற்றவர் சின்னசாமி முனியப்பா. 2009இல் இந்தியன் ஓப்பன் பந்தயத்தில் அவரும் தென்கொரியாவின் லீ சுங் என்பவரும் நான்கு நாள் முடிவில் சமமாக நின்றனர். லீ சுங் செவிப்புலன் அற்றவர். கூடுதல் ஆட்டம் நடத்தி முடிவு காண நேர்ந்தது, முனியப்பா வென்றார். ஒருவர் தோளில் பிறர் சுமை ஏறியிருந்தது. மற்றவர் காதில் உலகின் ஓசை ஏறவில்லை. கடைசியில் கோப்பைக்காக எதிரெதிர் நின்றவர்கள் இவ்விருவரே.

அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டு நிகழ்ந்ததும் இதனை ஒத்ததே. பாஸ்டன் நகருக்கு அருகில் புருக்லைன் ஆடுகளத்தின் எதிர்வீட்டில் வளர்ந்து, அங்கேயே பை சுமந்த ஃபிரான்சிஸ் உயிமெட் என்னும் இருபது வயது இளைஞர், இங்கிலாந்திலிருந்து வந்த ஹாரி வார்டன், டெட் ரே ஆகிய இரு பெரும் வீரரைக் கூடுதல் ஆட்டத்தில் வென்று யு.எஸ். ஓப்பன் பட்டம் பெற்றார். அன்று அவருக்குப் பை சுமந்தவன் எடி லோரி என்னும் பத்து வயதுச் சிறுவன். உயிமெட்டின் தந்தையார் கனடாவிலிருந்து பிழைக்க வந்தவர். புலம்பெயர்ந்தவன் வீட்டுப் பிள்ளை என்பதை நாம் மறவாதிருத்தல் நலம்.

இவர்களை உயர்த்தியது எது? திறமை, உழைப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் வேறொன்றையும் காண்கிறேன். இவ்விளையாட்டில் முடிவைச் சொல்வது எண். எண் ஆளைப் பாராது; எந்தக் குலம், எந்த மொழி, எவர் மகன் என்று கேளாது. அதன் நடுநிலை சில வேளை கொடுமையாகவும் தோன்றும். 1968இல் அமெரிக்க மாஸ்டர்ஸ் பந்தயத்தில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாம் குழியை மூன்று அடிகளில் முடித்தார். அட்டையில் கணக்கு எழுதிய உடனாட்டக்காரர் நான்கு என்று எழுதிவிட்டார். விசென்சோ சரிபாராமல் கையொப்பமிட்டார். கூடுதலாக எழுதிய எண்ணில் கையொப்பமிட்டால் அதுவே நிற்கும் என்பது விதி. ஓர் அடியில் பட்டம் போயிற்று. அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு! ஆயிரம் பேர் கண்ணால் கண்டதும் அட்டைக்கு முன் செல்லவில்லை. கணக்கேட்டில் ஒப்பமிட்டுப் பிழைக்கும் என் போன்றோர்க்கு அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடும். ஆயினும் பெரிய வீரருக்காக வளையாத அதே எண்தான், பை சுமந்தவர் வந்து நின்றபோதும் அவரைத் தள்ளிவிடவில்லை.

எண் ஆளைப் பாராது. ஆனால் வாயிற்கதவு ஆளைப் பார்க்கும். இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. ‘ஓப்பன்’ என்றால் திறந்தது என்று பொருள். தகுதி காட்டிய எவரும் ஆடலாம் என்பதே அப்பெயரின் கருத்து. ஆனால் தகுதியைப் பெறுவதற்கு முன் மட்டையைத் தொட வேண்டும். புல்லில் கால் வைக்க வேண்டும். மட்டைகளின் விலையோ மன்றத்தின் கட்டணமோ கூலிக்காரன் மகனுக்கு எட்டுவதன்று. அவன் உள்ளே நுழைந்தது பணியாளாக. பணி முடிந்த பின் ஆடவும் இடம் கிடைத்ததனால் அலி ஷேரும் சௌராசியாவும் முனியப்பாவும் நமக்குக் கிடைத்தனர். ‘உன் வேலை சுமப்பது, ஆட்டம் உனக்கு எதற்கு?’ என்று விரட்டப்பட்ட சிறுவர் எத்தனை பேரோ! அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். சுமப்பது இழிவன்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில், 2021இல், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். அப்போது அவருக்குப் பை சுமந்து நடந்தவர் அவரைப் பெற்ற அன்னையார். பிள்ளைக்காகப் பெற்றோர் சுமப்பது உலக வழக்கம். அங்கே அது எல்லோரும் காண நடந்தது.

இனி, நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் நூல்கள் உண்டு. தேர்வுக்குரிய வழிகாட்டிகள் உண்டு. இரண்டு கணிப்பொறிகள் உண்டு. அவற்றை உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளே பயன்படுத்தலாம் என்பது விதி. காலையில் அந்த அறையைப் பெருக்குபவரின் மகள் பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். விழா நாளில் நமக்கு நாற்காலி சுமப்பவர்களுக்கும் பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ளனர். விதி எழுதிய காலத்தில் சங்கத்தின் வருவாய் சிறிது. கூட்டம் பெருகினால் நூல்கள் பழுதாகுமே என்று அஞ்சினர். அது நியாயமான அச்சமே. ஆனால் நூல் பழுதானால் ஒட்டிக்கொள்ளலாம். பருவம் கடந்த பிள்ளைக்கு அந்த வயது மீண்டும் வாராது.

ஞாயிறுதோறும் பிற்பகலில் மூன்று மணி நேரமேனும், பெயர் எழுதி ஒப்பமிடும் எந்தப் பிள்ளைக்கும் அக்கதவைத் திறந்து வைக்கலாம் என்று அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய எண்ணியுள்ளேன். மேற்பார்வைக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் நான் வருவேன். மற்ற ஞாயிறுகளுக்கு இருவர் முன்வந்தால் போதும். பிற மொழி வழங்கும் மண்ணில் நமக்குக் கதவு திறந்தவர்கள் இருந்ததனால் அன்றோ நாம் இன்று ஒரு சங்கமாகக் கூடியிருக்கிறோம்! உடன்படும் அன்பர்கள் சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதுக. மாறுபடுவோரும் எழுதுக, அவர்தம் காரணங்களையும் இப்பகுதியில் வெளியிட்டு விடையளிப்பேன்.