கமாண்ட் அண்ட் காங்கரைக் கொன்றது யார்?

"ரியல் டைம் ஸ்ட்ராடஜி கேம் எல்லாம் செத்துப் போச்சு மச்சி, இப்ப யாரு ஆடுறா?"

ஹாஸ்டல் மெஸ்ஸிலிருந்து இணையம் வரைக்கும் எங்கே போனாலும் இந்த வசனம்தான். சொல்றவங்க முகத்துல துக்கம் விசாரிக்க வந்த மாதிரி ஒரு பாவனை வேற. ஏதோ வயசாகி, படுக்கையில விழுந்து, சொந்தபந்தம் சுத்தி நிக்க இயற்கையா மண்டையைப் போட்டுச்சாம். கேட்டாலே பத்திக்கிட்டு வருது. மத்த கேமுக்கு எல்லாம் நான் ஜவாப்தாரி இல்ல. ஆனா கமாண்ட் அண்ட் காங்கர் விஷயத்துல இது பச்சைப் பொய். அது தானா சாகலை. சாகடிச்சாங்க. அதையும் தாண்டி அது இன்னிக்கு மூச்சு விட்டுட்டு இருக்குன்னா, அதுக்குக் காரணம் காசு வாங்காம வேலை பார்த்த ரசிகர்கள்.

ஆடாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. 1985ல் லாஸ் வேகஸில் பிரெட் ஸ்பெர்ரி, லூயிஸ் காஸில்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச கம்பெனி வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ். 1992ல் டூன் 2ன்னு ஒரு கேம் விட்டாங்க. வளத்தை அள்ளு, கட்டடம் கட்டு, படை சேர், எதிரியை அடி. எல்லாத்தையும் மௌஸை வெச்சு, எதிராளி உனக்காகக் காத்திருக்காம. இன்னிக்கு ஆர்.டி.எஸ்.னு நாம சொல்ற வகைக்கு அச்சு வார்த்தது அந்த கேம்தான். அதே அச்சுல 1995ல் வந்தது கமாண்ட் அண்ட் காங்கர். பூமியில பரவுற டைபீரியம்ங்கற பச்சைப் படிகம், அதுக்காக அடிச்சுக்கிற ஜி.டி.ஐ.யும் நாட் கும்பலும், நாட் தலைவன் கேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல நிஜ மனுஷங்க நடிச்ச வீடியோ வரும். கேனா நடிச்ச ஜோசப் குகான்தான் அந்தக் காட்சிகளை டைரக்ட் பண்ணதும். 1996ல் ரெட் அலர்ட். ஐன்ஸ்டீன் காலத்துல பின்னாடி போய் ஹிட்லரை இல்லாம பண்ணிடுவார், அதனால ஸ்டாலினோட சோவியத் படை ஐரோப்பாவுக்குள்ள நுழையும். லாஜிக் எல்லாம் நம்ம மசாலாப் படம் ரேஞ்சுதான். ஆனா ஃபிராங்க் கிளெபாக்கியோட "ஹெல் மார்ச்" இசை ஓடும்போது லாஜிக்கை எவன் தேடினான்? :-)

சரி, இந்த கேமோட உயிர் எங்கே இருக்கு? டெஸ்லா காயில்ம்பாங்க, கிரோவ் ஆகாயக் கப்பல்ம்பாங்க. நான் சொல்றது ஹார்வெஸ்டர். ஆமை வேகத்துல ஊர்ந்து போற ஒரு லாரி. பேஸை விட்டு வெளியே போய், திறந்த வெளியில கனிமத்தை அள்ளி, திரும்பி வந்து ரிஃபைனரியில கொட்டும். உங்க மொத்த வருமானமும் அந்த லாரிதான். வீட்டுக்குள்ள பூட்டி வெச்சா பணம் வராது, வெளியே அனுப்பினா எவன் வந்து அடிப்பான்னு தெரியாது. கையில இருக்கிற காசுக்கு டேங்க் வாங்கறதா, இன்னொரு ஹார்வெஸ்டர் வாங்கறதா? டேங்க் வாங்கினா இன்னிக்குப் பொழைப்பீங்க, ஹார்வெஸ்டர் வாங்கினா நாளைக்கு ஜெயிப்பீங்க, இன்னிக்கு நைட்டு உயிரோட இருந்தா. இந்தக் கணக்குதான் கேம். சண்டைங்கறது அந்தக் கணக்கோட விடை, அவ்வளவே. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

இப்ப பிரேதப் பரிசோதனைக்கு வருவோம்.

1998ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதாவது ஈ.ஏ., வெஸ்ட்வுட்டை 12.25 கோடி டாலர் கொடுத்து வாங்கிச்சு. 1999ல் டைபீரியன் சன், 2000ல் ரெட் அலர்ட் 2, 2001ல் யூரிஸ் ரிவெஞ்ச். இதுவரைக்கும் ஓகே. அப்புறம் 2002ல் ரெனகேடுன்னு துப்பாக்கி தூக்கிட்டு ஓடற கேம் ஒண்ணு, எர்த் அண்ட் பியாண்டுன்னு ஆன்லைன் விண்வெளி கேம் ஒண்ணு. ரெண்டாவது கேமோட ஆயுசு ரெண்டே வருஷம், 2004ல் இழுத்து மூடிட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 2003ல், வெஸ்ட்வுட்டுக்கே பூட்டு. இட்லிக் கடையில பீட்சா போட்டுப் பார்த்து, பீட்சா போணியாகலைன்னு கடையையே காலி பண்ண கதை. இட்லி என்ன பாவம் பண்ணுச்சு?

அதே 2003ல் ஈ.ஏ.வோட இன்னொரு குழு ஜெனரல்ஸை விட்டாங்க. வீடியோ கிடையாது, கேன் கிடையாது, ஆனா கேம் கேமா இருந்துச்சு. 2007ல் டைபீரியம் வார்ஸ் வந்தப்போ கேனும் ஹார்வெஸ்டரும் திரும்பி வந்தாங்க, ரசிகனுங்க கொண்டாடினாங்க. ஆக, என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அடுத்ததைச் செஞ்சாங்க.

2010. கமாண்ட் அண்ட் காங்கர் 4. பதினஞ்சு வருஷமா ஓடின கேனோட கதைக்கு முடிவு சொல்ல வந்த கேம். அதுல ஹார்வெஸ்டர் கிடையாது. வளம் அள்றது கிடையாது. பேஸ் கட்டறதும் கிடையாது, அதுக்குப் பதிலா "கிராலர்"னு நடமாடும் ஒரே ஒரு வண்டி. படைக்கு உச்சவரம்பு. நல்ல ஆயுதம் வேணும்னா ஆடி ஆடி லெவல் ஏத்தித் திறக்கணும். நான் மேலே சொன்ன அந்தக் கணக்கை அப்படியே பிடுங்கிப் போட்டுட்டு, மிச்சத்துக்கு அதே பேர் ஒட்டினாங்க. போதாததுக்கு, வீட்ல தனியா உக்காந்து கதையை ஆடறதுக்குக்கூட நெட் கனெக்‌ஷன் எப்பவும் இருக்கணும்! சர்வர் தும்மினா உங்க கேமுக்கு ஜலதோஷம்.

அடி வாங்கினாங்க. பாடம் கத்துக்கிட்டாங்களா? 2011 டிசம்பர்ல ஜெனரல்ஸ் 2 வரப்போகுதுன்னு அறிவிச்சாங்க. 2012ல் அதை இலவச ஆன்லைன் கேமா மாத்தினாங்க. 2013 அக்டோபர்ல அதையும் ரத்து பண்ணி, அதைச் செஞ்சுட்டு இருந்த ஸ்டூடியோவையும் மூடினாங்க. அஞ்சு வருஷம் மௌனம். 2018ல் ரசிகனுக்குக் கெடச்சது என்ன தெரியுமா? ரைவல்ஸ்னு ஒரு மொபைல் கேம். பசியில இருக்கறவனுக்கு சூயிங்கம்.

"தம்பி, கம்பெனின்னா லாபம் பார்க்கத்தான் செய்யும். ஜனங்க ரசனை மாறிடுச்சு, டோட்டா மாதிரி கேமுக்குப் போயிட்டாங்க, அவன் என்ன பண்ணுவான்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான், பதில் சொல்றேன்.

கமாண்ட் அண்ட் காங்கர் 4 வந்த அதே 2010ல், நாலே மாசம் கழிச்சு ஸ்டார்கிராஃப்ட் 2 வந்துச்சு. பேஸ் கட்டணும், வளம் அள்ளணும், எல்லாம் பழைய பாணி. முதல் 48 மணி நேரத்துல 15 லட்சம் காப்பி வித்ததா பிளிசார்ட் அறிவிச்சாங்க. ரசனை மாறிடுச்சாம்! 1999ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ எடுத்துக்கோங்க. அதைச் செஞ்ச என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009லயே மூடியாச்சு. இருந்தும் 2013ல் புதுப்பிச்சாங்க, 2019ல் மறுபடி புதுப்பிச்சாங்க, 2022ல் ராஜேந்திர சோழனுக்கே ஒரு கதை வெச்சு புதுத் தொகுப்பு வந்துச்சு. அதுலயும் கிராமத்தான் மரம் வெட்டிட்டுதான் இருக்கான், அவனை யாரும் தூக்கிட்டு கிராலர் வைக்கலை. டோட்டாவே வார்கிராஃப்ட் 3ங்கற ஆர்.டி.எஸ்.க்குள்ள ரசிகர்கள் செஞ்ச ஒரு மேப்தான். ரசிகன் கையில கருவியைக் கொடுத்தா புது வகை கேமே பொறக்கும்ங்கறதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

கமாண்ட் அண்ட் காங்கருக்கும் அந்த மாதிரி ரசிகர்கள் இருந்தாங்க, இருக்காங்க. பழைய கேம்களை இன்னிக்கு நெட்ல சேர்ந்து ஆட முடியுதுன்னா அது சி.என்.சி.நெட்ங்கற ரசிகர் அமைப்பால. ஓப்பன்ஆர்.ஏ.ன்னு இன்னொரு கூட்டம், இஞ்சினையே முதல்ல இருந்து எழுதி, விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாத்துலயும் ஓட வெச்சிருக்கு. 2014ல் கேம்ஸ்பை சர்வர்கள் மூடப்பட்டப்போ ஜெனரல்ஸ், டைபீரியம் வார்ஸ், ரெட் அலர்ட் 3 எல்லாம் ஆன்லைன்ல அநாதையாச்சு. அப்பவும் ரசிகர்கள்தான் சொந்த சர்வர் வெச்சுத் தூக்கி நிறுத்தினாங்க. இவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது, கேமும் இவங்களுக்குச் சொந்தம் கிடையாது.

ஈ.ஏ. நல்லது பண்ணவே இல்லையான்னா, பண்ணாங்க. முதல் கேமை 2007லயும், ரெட் அலர்ட்டை 2008லயும், டைபீரியன் சன்னை 2010லயும் இலவசமா விட்டாங்க. 2020ல் முதல் ரெண்டு கேமையும் புதுப்பிச்சு வெளியிட்டாங்க. அந்த வேலையைச் செஞ்சது பெட்ரோகிளிஃப், அதாவது வெஸ்ட்வுட் மூடினப்போ வெளியே வந்தவங்க ஆரம்பிச்ச கம்பெனி! பழைய சமையல்காரரையே கூப்பிட்டு இட்லி போடச் சொன்னாங்க, இட்லி பிரமாதமா வந்துச்சு. கூடவே அந்த ரெண்டு கேமோட மூலநிரலையும் ஜி.பி.எல். உரிமத்துல திறந்துவிட்டாங்க. 2025 பிப்ரவரியில ஜெனரல்ஸ், ஸீரோ ஹவர், ரெனகேட் மூலநிரலும் வந்துச்சு.

இங்கேதான் என் முக்கியமான வாதம். பழைய கேமோட மூலநிரலைக் கேட்டா கம்பெனிகள் வழக்கமா ரெண்டு சாக்கு சொல்வாங்க. ஒண்ணு, "அதுல மத்தவங்ககிட்ட உரிமம் வாங்கின பகுதி எல்லாம் இருக்கு, வெளியிட முடியாது". ஜெனரல்ஸ்லயும் இருந்துச்சு. வீடியோவுக்கு பிங்க், ஒலிக்கு மைல்ஸ், ஆன்லைனுக்கு கேம்ஸ்பை. என்ன பண்ணாங்க? அதை எல்லாம் எடுத்துட்டு, "இந்த இடத்துல இது இருந்துச்சு, நீங்களே பார்த்துக்கோங்க"ன்னு எழுதி வெச்சுட்டு மிச்சத்தைக் கொடுத்தாங்க. ரெண்டாவது சாக்கு, "வியாபாரம் போயிடும்". போகலையே! படமும் ஒலியும் அந்த மூலநிரல்ல கிடையாது, ஆடணும்னா கேமைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகணும். இத்தனை வருஷமா முடியாதுன்னு சொன்ன காரியத்தை ஒரு பெரிய கம்பெனியே செஞ்சு காட்டிருச்சு. இனிமே எந்த கம்பெனியும் இந்தச் சாக்கைத் தூக்கிட்டு வரக்கூடாது.

அதனால என் கோரிக்கை மூணே மூணு. ஒண்ணு, தனியா ஆடற கேமை சர்வர் வாசல்ல கட்டிப் போடாதே. ரெண்டு, சர்வரை மூடப் போறியா, ரசிகன் சொந்த சர்வர் வெச்சுக்க வழி விட்டுட்டு மூடு. மூணு, இனிமே இதை வெச்சுப் பொழைக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டா மூலநிரலைக் கொடுத்துடு. 2024ல் யூபிசாஃப்ட் தி க்ரூ கேமோட சர்வரை நிறுத்தினப்போ, காசு கொடுத்து வாங்கினவன் தனியாக்கூட ஆட முடியாம போச்சு. அந்தக் கோபத்துல ஆரம்பிச்ச "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கத்தோட மனுவுக்கு 2025ல் ஐரோப்பாவுல பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. கேம் பைத்தியங்களோட புலம்பல்னு ஒதுக்க முடியாத எண்ணிக்கை.

"ஒரு கேமுக்காடா இவ்வளவு?"ன்னு கேட்கறவங்களுக்கு: ஒரு படத்தோட நெகட்டிவ் அழுகிப் போனா வருத்தப்படறோம் இல்ல? கேமுக்கு அந்த நிலைமைகூட வேண்டியதில்லை. நல்லா இருக்கும்போதே ஒருத்தன் ஆபீஸ்ல உக்காந்து சுவிட்சை அணைச்சா போதும், உலகம் பூரா ஒரே நொடியில காணாம போயிடும்.

ஆக, அடுத்த தடவை எவனாவது "ஆர்.டி.எஸ். செத்துப் போச்சு"ன்னு மெஸ்ஸில் ஆரம்பிச்சா, எந்திரிச்சு வந்து எங்ககூட ஒரு ஆட்டம் போடச் சொல்லுங்க. முதல் பத்து நிமிஷத்துல அவன் ஹார்வெஸ்டரை நான் அடிச்சிருப்பேன், அப்ப தெரியும் யாருக்கு உயிர் இருக்குன்னு.

கொசுறு: 2025 பிப்ரவரியில வந்த மூலநிரல் பட்டியல்ல டைபீரியன் சன்னும் ரெட் அலர்ட் 2ம் இல்ல. நன்றி சொல்றதை அது ரெண்டும் வந்த பிறகு மொத்தமா வெச்சுக்கலாம்.