கேளாமல் பூட்டலாமோ?

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது முதலியவற்றோடு தமிழ் வழியிலும் பள்ளிகள் நடத்துகிறது. தாராவியின் உழைப்பாளர் மக்கள் பலர் எழுத்தறிந்தது அங்கேதான். ‘மாணவர் குறைவு, வேறு பள்ளியோடு இணைத்துவிடலாம்’ என்பது எளிது. சாலை கடக்க அஞ்சும் ஆறு வயதுச் சிறுமியின் தாயைக் கேட்க வேண்டாமா?

‘நம் பிள்ளைகளே ஆங்கிலப் பள்ளியை நாடுகையில் நாம் என்செய்வது?’ என்பாரும் உளர். செல்பவர்க்கு உரிமை உண்டெனில், எஞ்சியிருக்கும் ஏழைப் பிள்ளைக்கும் உண்டன்றோ? 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க மாநிலமும் உள்ளாட்சியும் முயலவேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, இத்தகைய பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோர்க்கும், மொத்தத்தில் பாதியைப் பெண்களுக்கும் வழங்கியுள்ளது. பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் அக்குழுவின் கடமையே.

அந்த இருக்கைகளை வெறுமையாக விட்டுவிட்டுச் சங்க மேடையில் ‘தமிழ் வாழ்க’ என முழங்குவதால் யாது பயன்? அன்பர்களே, குழுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். திட்டத்தில் உங்கள் கருத்தை எழுதச் செய்யுங்கள். நம்மைக் கேளாது எடுக்கும் முடிவு நம் முடிவாகாது. நாம் வாராதிருந்தால் கேட்பதற்கும் ஆளிராது.