படித்தீர்களா? பிறகு பேசுவோம்!

நமது சகோதரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் பேசாத விஷயமே இல்லை. தேர்தல் கூட்டணி, ஜமாஅத் நிர்வாகம், கடை வாடகை, வளைகுடா விசா எல்லாமே அலசப்படும். ‘சமீபத்தில் என்ன புத்தகம் படித்தீர்கள்?’ என்ற கேள்வி மட்டும் எழாது. தப்பித் தவறி எழுந்தால் இப்படித்தான் போகிறது பேச்சு:

“காக்கா, தோப்பில் மீரான் நாவல் படிச்சிருக்கீங்களா?”

“நம்ம ஆளுகளைக் கேவலப்படுத்தி எழுதின புத்தகமாச்சே தம்பி!”

“நீங்க படிச்சீங்களா?”

“படிக்கல. சொன்னாங்க.”

சொன்னவர் படித்தாரா? அவருக்கும் யாரோ சொன்னதுதான்! ஒரு செய்தி வந்தால் விசாரித்துத் தெளியுங்கள் என்பது திருக்குர்ஆன் (49:6) நமக்கிடும் கட்டளை. ஹதீஸ் என்றால் அறிவிப்பாளர் வரிசையைத் துருவித் துருவிப் பார்க்கிறோம். புத்தகம் என்று வந்தால் மட்டும் டீக்கடை அறிவிப்பு போதுமா?

தோப்பில் முஹம்மது மீரான் யார்? குமரி மாவட்டம் தேங்காப்பட்டணத்துக்காரர். மலையாள வழியில் படித்தவர். மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே தமிழில் நாவல் எழுதியவர். நம்மைப் போல் கல்லாவில் உட்கார்ந்தவர்தான். 1988இல் நூலாக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ அவருடைய முதல் நாவல். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்காக சாகித்திய அகாதமி விருது பெற்றார். 2019இல் காலமானார்.

முதல் நாவலில் என்னதான் இருக்கிறது? சுதந்திரத்துக்கு முந்தைய ஒரு கடற்கரை ஊர். ஊரையே ஆட்டிப் படைக்கும் முதலாளி. ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் போய்விடும் என்று ஊரை மிரட்டுகிறார்கள். முதலாளிக்குக் குனிய மறுப்பவர் ஒரு சுறாப்பீலி வியாபாரி. இதில் கேவலப்பட்டது யார்? சமுதாயமா, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களா? அந்தப் பள்ளிக்கூடச் சண்டையைப் படிக்கும் எந்த இளைஞருக்கும், தன் ஊரில் பெண்பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும்போது எழுந்த பேச்சு நினைவுக்கு வராமல் போகாது.

எனக்கும் அந்த நாவல் மீது ஒரு வருத்தம் உண்டு. மார்க்கத்தின் பெயரால் பேசி ஊரை ஏய்ப்பவர்கள் அதில் நன்றாகவே துலங்குகிறார்கள். அதே ஊரில் ஓதிக் கொடுத்துவிட்டு அரை வயிற்றோடு படுத்த உஸ்தாத் ஒருவராவது இருந்திருப்பாரே, அவரை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். குமரிப் பேச்சு வழக்கும் தஞ்சைப் பக்கத்து வாசகரை முதல் இருபது பக்கம் திணறடிக்கும். ஆனால் இதையெல்லாம் சொல்வதற்குப் படித்திருக்க வேண்டுமே!

‘சாய்வு நாற்காலி’யை வியாபாரிகள் கட்டாயம் படிக்க வேண்டும். முஸ்தபாக்கண்ணு, பாட்டன் பூட்டன் பெருமையைப் பேசியபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டே வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் படும் பாடு தனி. இப்படி ஒரு வீடு நம் தெருவில் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல யாரால் முடியும்?

இந்த நூல்களைப் பிற சமுதாயத்து வாசகர்கள் வாங்கிப் படித்தார்கள். கூட்டம் போட்டு விவாதித்தார்கள், பாராட்டியும் குறை சொல்லியும் எழுதினார்கள். முஸ்லிம் வீடு எப்படி இருக்கும் என்பதை அவர்கள் இந்தப் பக்கங்களில்தான் பார்க்கிறார்கள். ‘இது சரி, இது இப்படியல்ல’ என்று எடுத்துச் சொல்லவேண்டிய நாமோ கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறோம். 2004இல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தபோதும் பல ஊர்களில் இதே நிலைதான். அது நம் வீட்டுப் பெண்களைப் பற்றிய நாவல். அவர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

படித்தவர் சொல்லும் கருத்துக்கு மதிப்பு உண்டு. 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். முஸ்லிம் பெண் நாவல் எழுதுவதா என்று முகம் சுளித்த காலம் அது. அந்த நூலுக்கு உ.வே. சாமிநாதையர் பாராட்டுரை எழுதிக் கொடுத்தார். ஏட்டுச் சுவடிகளோடு வாழ்ந்த முதியவர், நாகூர்ப் பெண்மணியின் நூலைப் பொருட்படுத்திக் கருத்துச் சொன்னார் என்பது சின்ன விஷயமா? உமறுப் புலவரின் சீறாப்புராணத்துக்குத் துணை நின்ற சீதக்காதியும் அபுல் காசிம் மரைக்காயரும் வணிகர்களே. அந்தப் பரம்பரையில் வந்த நமக்குக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் புத்தகமா?

மஹல்லாவுக்கு மஹல்லா நூலகம் வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம். அலமாரியும் வாங்கிவிடுகிறோம். சாவி எங்கே என்றுதான் யாருக்கும் தெரிவதில்லை! பெரிய செலவெல்லாம் வேண்டாம். பத்து இளைஞர்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக் கொள்ளுங்கள். மாதம் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து, படித்ததை ஆளுக்குப் பத்து நிமிடம் சொல்லுங்கள். கடை அடைத்துவிட்டு வரும் வியாபாரிகளும் அந்நேரத்துக்கு வந்து சேரலாம். வீட்டில் தாய்மார்களும் சகோதரிகளும் படித்திருந்தால் எழுதி அனுப்பச் சொல்லி அங்கே வாசியுங்கள்.

இந்த இதழின் ஆசிரியரும் அரைப் பக்கம் ஒதுக்கித் தரலாம். எழுதுகிறவர்கள், ‘நூல் அருமை’ என்று ஒரு வரியோடு நிறுத்திவிட வேண்டாம். எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் உடன்பாடில்லை என்று பக்க எண் போட்டு எழுதுங்கள். கோபமாக எழுதினாலும் பாதகமில்லை.