மனவுறுதி யாருடைய பொறுப்பு?

திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தால் உலகப் புகழ் பெற்றது. புயலுக்கு அஞ்சி அங்கு ஒதுங்கும் கப்பலைப் பார்த்து, "நீ உறுதியானவள், உனக்குத் துறைமுகம் எதற்கு?" என்று கேட்பார் எவருமிலர். ஆயின் அத்துறைமுக நகரின் தாதியரை நோக்கி இவ்வினாவே புகழுரை வடிவில் விடுக்கப்படுகின்றது.

2020ஆம் ஆண்டைத் தாதியருக்கும் மருத்துவிச்சியருக்குமான சர்வதேச ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் பிரகடனம் செய்தது. அவ்வாண்டு மார்ச் 11ஆம் திகதி அந்நிறுவனமே கொவிட்-19ஐப் பெருந்தொற்றென அறிவித்தது. அன்று முதல் தாதியரின் மனவுறுதியைப் போற்றாத மேடையில்லை.

மனவுறுதி நற்பண்பு என்பதை மறுப்பாரிலர். திருகோணமலைத் தாதியர் அதனைப் பிறரிடம் கற்க வேண்டியவருமல்லர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையை அழித்தது. 2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வன்னியிலிருந்து கடல்வழியே கொணர்ந்த காயமுற்றோரை ஏற்றதும் இம்மாவட்டமே. ஆனால் அத்துயர்களின்போது தாதி வீடு திரும்பிச் சுற்றத்தாரோடு அழுது ஆறலாம். பெருந்தொற்றோ அந்த ஆறுதலையும் பறித்தது. தன் மூச்சே தன் குழந்தைக்கு நஞ்சாகுமோ என்ற அச்சத்துடன் அவள் வாசற்படி ஏறினாள்.

2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை இந்நாட்டில் கொவிட் நோயால் இறந்தோரை எரித்தல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. கிண்ணியா, மூதூர் போன்ற முஸ்லிம் ஊர்களுக்கு அது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய ஆணையை இயற்றுவோர் தலைநகரில் இருப்பர். உறவினரின் கண்ணீருக்கு முகங்கொடுப்பவளோ விடுதியில் நிற்கும் தாதி. அவளுக்குத் தியான வகுப்பொன்றை நடத்திவிட்டுக் கடமை முடிந்ததெனக் கைகழுவுதல் அறமாகுமா?

தொழிற்களத்தில் நீடித்த நெருக்கடி தீர்க்கப்படாமையால் விளைவதே பணிச்சோர்வு என 2019ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நோய் விளையும் களம் தொழிற்களமாயின், மருந்தும் அங்கேயே இடப்படல் வேண்டும். 2021 யூலை 1, 2ஆம் திகதிகளில் சம்பள முரண்பாட்டையும் பதவியுயர்வையும் முன்வைத்துத் தாதியர் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்தினர். மனவுறுதியைப் போற்றியோர் அன்று அக்கோரிக்கைகளுக்கும் செவிசாய்த்திருத்தல் வேண்டும்.

போதிய ஆளணி, இரவுக் கடமைக்குப் பின் உறுதியான ஓய்வு, தாய்மொழியில் இரகசியம் பேணும் உளவளத்துணை ஆகியவை சலுகைகளல்ல, உரிமைகள். இவற்றை வழங்காது மனவுறுதியை மட்டும் வேண்டுவோர், தம் கடமையைத் தாதியின் தோளில் ஏற்றிவிட்டு அவள் வலிமையை வியப்பவரேயாவர்.